பூசி மெழுகாதீர்கள்!

உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற காருக்குப் பத்து வயசு தாண்டிவிட்டதா? அதுவும் கடலோர ஊரா? அப்படியென்றால், இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். பெயிண்டில் கீறல் விழாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொண்டு, கதவின் மேலிருந்து கீழாக, பிறகு சக்கரத்துக்கு மேலே வளைகிற விளிம்பில், பிறகு டிக்கியின் அடிப்பகுதியில் என்று வரிசையாக ஒட்டிப் பாருங்கள்.

மேலே 'பச்சக்' என்று ஒட்டுகிற காந்தம், கீழே வரவர வழுக்கிக்கொண்டு விழுகிறதா? பம்பரில் விழுந்தால் கவலை இல்லை, அது பிளாஸ்டிக். சில மாடல்களில் முன்பக்க மட்கார்டும் பிளாஸ்டிக்தான். ஆனால், இரும்புக் கதவில் விழுந்தால்... வாழ்த்துகள்! அந்த இடத்தில் உங்களிடம் இருப்பது கார் இல்லை. மாவு!

அந்த மாவின் பெயர் பட்டி. டால்க் பவுடரையும் பாலியெஸ்டர் பிசினையும் கலந்து செய்வது. கொஞ்சம் ஹார்டனர் சேர்த்துக் குழைத்து, தகட்டில் தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால், பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

பட்டி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தகட்டில் விழுந்த சின்ன நெளிசலைச் சமன் செய்ய அதை விட்டால் வேறு வழியில்லை. அதுவும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குள். என் கோபமெல்லாம், துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை அப்பி, 'ரிப்பேர் பண்ணியாச்சு' என்று சொல்கிறோமே, அதன் மீதுதான்.

அது ரிப்பேர் இல்லை ஐயா, மேக்கப்!

துரு என்ன செய்யும் என்று பார்ப்போம். இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன்... இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. கூட உப்பும் சேர்ந்துகொண்டால் வேகம் எடுத்துவிடும். அதனால்தான் பெசன்ட் நகரிலும் தூத்துக்குடியிலும் நிற்கிற காருக்கு, திருச்சியில் நிற்கிற காரைவிடச் சீக்கிரம் வயசாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் போட்டுக்கொண்டு மேலே எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால், உள்ளே கதை பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஏனென்றால், கதவும் அதன் கீழே இருக்கிற பெட்டித் தகடும் பெரும்பாலும் உள்ளே இருந்துதான் அரிக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனிக்காரன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பான். அதில் சேறும் இலையும் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் உள்ளே குளம் கட்டி நிற்கும். கார்த் தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எத்தனை நாள் தாங்கும்?

இப்போது அந்த ஓட்டையில் பட்டியை அப்புகிறீர்கள். ஓட்டைக்குப் பின்னால் பிடிமானம் எதுவும் இல்லை. சுற்றியிருக்கிற விளிம்பிலோ துரு உயிரோடு இருக்கிறது. பட்டியோ ஈரத்தை உறிஞ்சும் சாமான். உள்ளே நிற்கிற தண்ணீரைக் குடித்துக் குடித்து, அதைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. அதாவது, துருவுக்கு ஈரத்துணி போர்த்திவிட்டு, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்துவிட்டோம். ஒன்று அல்லது இரண்டு மழைக்காலம். அப்புறம் பழைய இடத்தில், பழையதைவிடப் பெரிய ஓட்டை.

'டிங்கர் ஏமாத்திட்டான் சார்' என்று அடுத்த வருஷம் புலம்புகிறோம். நிஜமாகவே அவர்தான் ஏமாற்றினாரா? எந்த ஊர் ஷெட்டிலும் நடக்கிற பேச்சுவார்த்தை இது:

"சார், அடி பூரா போயிடுச்சு. வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணணும். மூணு நாள் ஆகும்."

"அதெல்லாம் வேணாம்ப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போகணும். பார்க்க நல்லா இருந்தாப் போதும். எவ்வளவு குறைப்பே?"

அவர் என்ன செய்வார்? குறைக்கிறார். எதைக் குறைப்பார்? பெயிண்டையா? அது கண்ணுக்குத் தெரியுமே! கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான் குறைக்க முடியும். தகட்டை வெட்டுவதில்லை, துருவைச் சுரண்டுவதில்லை, உள்பக்கம் பிரைமர் அடிப்பதில்லை. நாம் பளபளப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம். அவர் பளபளப்பை மட்டும் கொடுக்கிறார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இன்னொரு பக்கம், பெரிய சர்வீஸ் சென்டர்கள். அங்கே உள்ளங்கை அகல ஓட்டையைக் காட்டினாலும், 'முழு பேனலையும் மாத்தணும் சார், கூடவே பக்கத்து பேனலுக்கும் பெயிண்ட் மேட்ச் பண்ணணும்' என்று எஸ்டிமேட் நீட்டுவார்கள். பழைய காரின் விலையில் ஒரு பெரிய துண்டு அந்தத் தாளில் இருக்கும். அதைப் பார்த்த நடுத்தர வர்க்கத்து மனுஷன் நேராக எங்கே போவான்? பட்டிக்குத்தான்! 'எல்லாத்தையும் மாத்து' என்கிறவர்களும், 'எல்லாத்தையும் மூடு' என்கிறவர்களும் சேர்ந்து நடுவில் இருக்கிற ஒரு நல்ல வழியை நமக்கு மறக்கடித்துவிட்டார்கள். கிழிந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அளவாக ஒட்டுப் போடுவதுதான் அந்த வழி. நம் பாட்டிகள் போர்வைக்குச் செய்ததுதான்.

சரி, அவரவர் கார், அவரவர் காசு. பட்டி போட்டால் என்ன, பவுடர் போட்டால் என்ன என்று கேட்கிறீர்களா?

பிரச்னையே, அந்தக் கார் உங்களிடமே இருக்கப் போவதில்லை என்பதுதான்.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பாடத்தில் வரும் ஒரு குதிரை ஞாபகம் இருக்கலாம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்க ஓர் உதாரணம் வரும். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். அதற்கு ஏதோ கோளாறு என்று அவருக்குத் தெரியும். ஆனால், வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டமும், பொதுவாக 'வாங்குபவனே, உஷார்' என்கிற கட்சிதான்.

ஆனால், அதே 17-வது பிரிவு மோசடிப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. தெரிந்த விஷயத்தை முனைந்து மறைப்பது. இங்கேதான் நம் பட்டி டப்பா மாட்டிக்கொள்கிறது! துருப்பிடித்த காரைத் துருவோடு நிறுத்தி, ஒன்றும் பேசாமல் விற்றால் அது மௌனம். வாங்குகிறவருக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்வார். விற்பதற்கு முந்தின வாரம் ஓட்டையில் பட்டி அப்பி, பெயிண்ட் அடித்து, 'பாடி கண்டிஷன் பக்கா' என்று நிறுத்தினால்? அதை மௌனம் என்று யார் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பரிமாறவும் செய்கிற வேலை அல்லவா அது!

அக்கவுன்டன்சியில் இதற்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டை அழகாகக் காட்டுவது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2009 ஜனவரியில் விழுந்தபோது, வங்கியில் இல்லாத பல ஆயிரம் கோடியை இருப்பதாகக் காட்டிவந்தது வெளியே வந்து, நாடே கொதித்தது. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டினால் ஊழல். இல்லாத இரும்பை இருப்பதாகக் காட்டினால் 'ரீசேல் வேல்யூ'. நல்ல நியாயம்!

பணம் போனால்கூடப் பரவாயில்லை. உயிர் விஷயம் இது. லாரிக்கு அடியில் தனியாகச் சட்டம் இருக்கும், மேலே கூடு இருக்கும். இன்றைய சாதாரண கார்கள் அப்படி இல்லை. அங்கே கூடேதான் சட்டம். நம் ஊர் மாருதி 800-ம் அப்படித்தான். தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக ஒட்டி, அந்தப் பெட்டிகள்தான் மொத்த பாரத்தையும் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே, மெக்கானிக்குகள் 'ரன்னிங் போர்டு' என்பார்களே, அது காலை வைத்து ஏறுவதற்கான அலங்காரப் படி அல்ல; காரின் முதுகெலும்பில் ஒரு பகுதி. சீட் பெல்ட்டின் கீழ் முனை போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அதை ஒட்டித்தான், நடுத் தூணின் அடியில். சஸ்பென்ஷன் வந்து சேரும் இடங்களும் இதே மாதிரி தகட்டுப் பெட்டிகள்தான்.

அந்த இடம் அரித்துப்போய், மேலே பட்டி பூசியிருந்தால் என்ன ஆகும்? தினமும் ஆபீஸ் போய் வரும்போது ஒன்றும் தெரியாது. மோதுகிற அந்த ஒரு நொடியில்தான் தெரியும். பெல்ட் மனுஷனைப் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள அங்கே இரும்பு இருக்காது.

அந்தக் காரை யார் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பணக்காரர் வாங்க மாட்டார். டூ வீலரில் நாலு பேர் போவது ஆபத்து என்று பயந்து, நகையை அடகு வைத்து, முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்குகிற குடும்பம்தான் வாங்கும். பாதுகாப்புக்காக வாங்குகிறவர் தலையில்தான் இந்தப் பொய்யைக் கட்டுகிறோம்.

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்று ஒரு வருடாந்தரப் பரிசோதனை உண்டு. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மாட்டியிருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்குள் தகடு பலமிழக்கும்படி அரித்திருந்தால், கார் ஃபெயில். அங்கே பட்டியோ ஃபைபரோ வைத்து அடைத்திருந்தால் அதுவும் ஃபெயில். பாரம் தாங்கும் இடத்தில் உலோகம்தான் இருக்க வேண்டும், முறையாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். பெயிண்ட் மங்கியிருக்கிறதா, கலர் பொருந்துகிறதா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

நம் ஊரில்? சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு எஃப்.சி. காட்ட வேண்டும். உடனே நாம் என்ன செய்கிறோம்? ஊரே செய்வதைச் செய்கிறோம். 'எஃப்.சி. காட்டணும், பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுக் குடுப்பா' என்கிறோம். பரிசோதனைக்கு முன்னால் நோயைக் குணப்படுத்தாமல், நோயாளிக்குப் பவுடர் பூசி அனுப்புகிறோம்! 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கட்டணத்தை எட்டு மடங்குக்கு மேல் உயர்த்தத் தெரிந்த அரசாங்கத்துக்கு, காருக்கு அடியில் ஒரு டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பதை எல்லா இடத்திலும் கட்டாயமாக்குவது பெரிய வேலையா என்ன?

'இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று நினைக்காதீர்கள். மோட்டார் பாலிசியைத் திருப்பிப் பாருங்கள். தேய்மானமும் பயன்பாட்டால் வரும் பழுதும் அதில் அடங்காது. துரு விபத்து இல்லை. மெதுவாக வந்த தேய்மானம். அது முழுக்க முழுக்க உங்கள் பாக்கெட் செலவு.

அதனால் பாக்கெட்டைப் பற்றியே பேசுவோம். 'நேர்மையா ரிப்பேர் பண்ண வசதி வேணும் சார்' என்கிறவர்களுக்கு என் பதில்: இல்லவே இல்லை. செலவின் வரிசையை மாற்றினால் போதும். முதல் ரூபாய் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. கடைசி ரூபாய் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு. நாம் செய்வது தலைகீழ்.

முதலில் துப்பறியுங்கள். இது இலவசம். மிதியடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ரன்னிங் போர்டின் அடியை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்கும், செத்த தகடு 'டப்' என்கும். கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். காருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான ரிப்பேர் அதுதான்.

இரண்டாவது, ஓட்டைகளை இரண்டு ஜாதியாகப் பிரியுங்கள். பாரம் தாங்கும் இடங்கள் ஒரு ஜாதி: ரன்னிங் போர்டு, தரைத் தகடு, தூண்களின் அடி, சஸ்பென்ஷன் மாட்டும் இடம். இங்கே சமரசமே கூடாது. இற்றுப்போனதை, பளபளக்கும் நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட்டு, அதற்குரிய கனத்தில் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும். வெறும் போர்வைத் தகடுகள் இன்னொரு ஜாதி: கதவின் வெளித்தோல், மட்கார்டு, டிக்கி மூடி. இங்கே காசு இல்லையென்றால் வெல்டிங்கூட வேண்டாம். துருவைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, பாப் ரிவெட் அடித்துத் தகடு ஒட்டலாம். பின்பக்கத்திலிருந்து ஃபைபர் பாயும் ரெசினும் வைத்துக்கூட அடைக்கலாம். பிறகு மெல்லிசாகப் பட்டி. அங்கே அது உண்மையான வேலையைச் செய்யும். புதுப்பேட்டையில் பழைய கதவு முழுசாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தக் கதவையும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்!

மூன்றாவது, வெல்டிங். மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். சி.ஓ.2 வெல்டிங் இருக்கிற ஷெட்டாகப் பாருங்கள். ஒரே இழுப்பாக இழுக்காமல், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் தகடு அப்பளமாக நெளியும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல், பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய் பக்கம் நெருப்பு வைக்க விடாதீர்கள். சீட்டும் மேட்டும் வெளியே வந்துவிட வேண்டும்.

நான்காவது, வெல்டிங் முடிந்ததும் உள்பக்கம் பிரைமர். அது காய்ந்த பிறகு, பெட்டிக்குள் துரு தடுக்கும் மெழுகு ஸ்பிரே. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும். அப்படியே மூடினால் புதுத் தகடும் அதே வழியில் போகும். வடிகால் ஓட்டைகளை மறுபடி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் கொஞ்சம் மாறினால் மாறிவிட்டுப் போகட்டும். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடியுங்கள். முழு பாடி பெயிண்டிங்குக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி மிச்சம். அதில்தான் தகடு வேலையே நடக்கப் போகிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பட்டி வேலைக்கு நாலாயிரம், இரண்டு வருஷம் தாங்குகிறது. தகடு வேலைக்கு ஒன்பதாயிரம், ஆறு வருஷம் தாங்குகிறது. ஆறு வருஷத்தில் பட்டிக்கு மூன்று தடவை, பன்னிரண்டாயிரம். தொகை ஊருக்கு ஊர், காருக்குக் கார் மாறும். ஆனால் ஒன்று மட்டும் மாறாது. ஒவ்வொரு தடவையும் ஓட்டை பெரிதாகும். மூன்றாவது தடவை வெல்டு பிடிக்கச் சுற்றிலும் நல்ல தகடே இருக்காது. மலிவு என்று நினைத்ததுதான் கடைசியில் காரையே தின்றிருக்கும்.

பாரம் தாங்கும் இடமெல்லாம் போய்விட்டது, வெட்ட ஆரம்பித்தால் நிறுத்த இடமே இல்லை என்றால்? அப்போது ரிப்பேர் வேண்டாம். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்களுக்கென்று 2021-ல் விதிமுறைகளே வந்துவிட்டன. அங்கே கொடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, நல்லபடியாக வழியனுப்புங்கள். இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள்.

அந்தக் குதிரைக்கு ஒரு மிச்சக் கதை இருக்கிறது. அதே பிரிவில் அடுத்த உதாரணம்: குதிரையை வாங்குகிறவள், விற்பவரின் சொந்த மகள். இப்போதுதான் மேஜரான பெண். அப்போது? அப்போது வாய் திறந்து கோளாறைச் சொல்வது அவர் கடமை என்கிறது சட்டம். 1872-லேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மனுஷன் மகளிடம் மட்டும்தான் உண்மை பேசுவான் என்று! முன்பின் தெரியாதவருக்கு விற்கும்போதும் அந்தக் கடமை இருப்பதாக நாமே வைத்துக்கொண்டால் சட்டம் ஒன்றும் தடுக்கப் போவதில்லை.

அடுத்த தடவை காரை ஷெட்டில் விடும்போது பேரம் பேசுங்கள், தப்பில்லை. நாள் கூடுதலாகக் கொடுத்து, ரூபாயைக் குறைத்துக் கேளுங்கள். கூடவே இந்த ஒரு வரியையும் சொல்லிவிட்டு வாருங்கள்: "அண்ணே, பட்டி போடறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. நான் வந்து தகட்டைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கிட்ட அப்புறம் போடுங்க." அந்த போட்டோவைப் பத்திரமாக வைத்திருங்கள். என்றைக்காவது காரை விற்கும்போது, வாங்க வந்தவரிடம் ஆர்.சி. புக்கோடு சேர்த்து அதையும் நீட்டலாம்.